கதவை மூடினால் நிற்கும் கண்ணாடி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டியவர்களும் உண்டு. "இது இல்லைங்க, கார் கண்ணாடி. ஏறாதது, இறங்காதது, பாதியில நின்னு முறைக்கிறது, அது மட்டும்தான் பாப்பேன்" என்று சொல்லி அனுப்புவாள். சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள். வந்தவர்கள்தான் சிரித்துக்கொண்டே போவார்கள்.

வரிசையாக எட்டுப் பட்டறைகள். டிங்கர், பெயின்ட், டயர், சீட் தைக்கிற கடை என்று போய், கடைசியில் மதில் சுவரை ஒட்டி ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் அவள் கடை. உள்ளே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு தட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. தோன்றும்படி யாரும் வந்து உட்கார்ந்ததும் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் ஒரு பெண் இப்படியும் வாழ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அவள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தாள்.

வண்டி வந்து நின்றதும் அவள் கருவி எதையும் தொட மாட்டாள். சாவியைப் போடச் சொல்லுவாள். பொத்தானை அழுத்திவிட்டுக் காதைக் கதவில் வைப்பாள். உள்ளே 'டக்' என்று கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, கண்ணாடிதான் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையென்றால், தூக்கிச் செல்லும் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் வண்டிக்குள் எரிகிற சின்ன விளக்கைப் பார்ப்பாள். பொத்தானை அழுத்தும்போது அந்த விளக்கு ஒரு கணம் மங்கினால் மோட்டார் பாவம், தவித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மங்கவே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போவாள். வருகிறவர்களில் பாதிப் பேர் டிரைவர் பக்கத்து லாக் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். அதை ஒரு விரலால் தட்டிவிட்டு, "போங்க" என்பாள்.

கதவு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் நின்று கற்ற வேலை அது. இரும்புச் சட்டத்தில் வெறும் கதவுகள் தொங்கியபடி நகர்ந்து வரும். மோட்டாரைப் பொருத்தி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, முத்திரை குத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றறுபது கதவுகள். எதற்கும் கார் கிடையாது. எதன் மேலும் மூடிப் பழகாத கதவுகள். தொழிற்சாலை இழுத்துப் பூட்டப்பட்ட அன்று அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு வேலையும் ஒரு தங்கையும்தான்.

தங்கை. அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அம்மா கண்ணை மூடியபோது தங்கைக்குப் பத்து வயது. இவளுக்கு இருபத்தாறு. பதினாறு வயது மூத்தவள் அக்காவா, அம்மாவா? தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும், பள்ளிக்கூடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டதும் இவள்தான். தனக்கு வந்த இரண்டு மூன்று வரன்களை, "சின்னவ படிக்கட்டும்" என்று இவளே திருப்பி அனுப்பினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

தங்கைக்கு இருபத்து நான்கு வயதானபோது ஒருவனைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன்தான். "ஒரே ஒரு வருஷம் பொறு. படிப்பை முடிச்சிரு" என்றாள் அக்கா. தங்கை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

"உனக்கு ஆகலைன்னா எனக்கும் ஆகக் கூடாதா? பொறாமைக்கா உனக்கு."

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம்.

அக்கா அந்தக் கல்யாணத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்தி வைத்தாள். வந்தவர்களைச் சாப்பிட வைத்தாள், புகைப்படத்தில் சிரித்தாள். மறுநாள் தங்கை கணவன் வீட்டுக்குக் கிளம்பியபோது மட்டும் வழியனுப்ப வரவில்லை. கடையில் யாருடைய கதவையோ கழற்றிக்கொண்டிருந்தாள். அவளாக வந்து கேட்கட்டும், அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். இரண்டு பேரும் ஒரே ஊர். பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஒரு சாம்பல் நிறக் கார் கடை முன் வந்து நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து தங்கையின் கணவர் இறங்கினார்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

அவளுக்கு ஒரு கணம் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கனத்தது.

"வண்டிக்கு என்ன?"

"பின்னாடி, இடது பக்கக் கதவு. கண்ணாடி இறங்கவே மாட்டேங்குது. ஒரு கடையில சுவிட்சை மாத்தினாங்க. இன்னொரு கடையில மோட்டாரையே மாத்தினாங்க. அப்புறம் ரெண்டு பேருமே, கண்ணாடியக்காகிட்ட போங்கன்னுட்டாங்க. முதல்லயே இங்கதான் வந்திருக்கணும், ஆனா..." அவர் பின் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பின் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. தன் முகம்தான் தெரிந்தது அவளுக்கு. ஆனாலும் உள்ளே யார் என்று தெரியாமல் இருக்குமா?

"கதவைத் திறக்கணும். இறங்கச் சொல்லுங்க."

அவர் குனிந்து உள்ளே சொன்னார். "அக்கா இறங்கச் சொல்றாங்க."

"இறங்கறேன்னு சொல்லுங்க."

"இறங்கறாளாம், அண்ணி."

"எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேளுங்க."

"ரெண்டு மாசமான்னு சொல்லுங்க" என்றது தங்கையின் குரல்.

"அது எனக்கே தெரியுமே!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பியூஸா? ஒருநாள் எரிஞ்சுதான் போகப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. தங்கை இறங்கி மதில் ஓரமாகப் போய் நின்றாள். மெலிந்திருந்தாள். காதோரத்தில் நாலைந்து நரை முடி. தான் எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலையில் நரையா! கண்ணாடியக்கா சட்டென்று கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி சமர்த்தாக இறங்கியது. மறுபடி அழுத்தினாள். ஏறியது.

"ஓடுதே."

"இப்ப ஓடும். வீட்டுக்குப் போனா ஓடாது" என்றார் அவர்.

அவள் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினாள். மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினாள். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் கிரீஸ் தடவினாள். சுவிட்சைப் பிரித்துச் சுரண்டினாள். இருபது தடவை ஏற்றி இறக்கினாள். இருபது தடவையும் ஓடியது. அவள் வேலை செய்யும்போது அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வண்டியை வாங்கறவர் வர்றார், அண்ணி. கண்ணாடி சரியா இருந்தாத்தான் எடுப்பாராம். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஃபிளைட். வேலை வெளிநாட்டுல போட்டுட்டாங்க. முதல்ல மூணு வருஷம்னாங்க. அப்புறம் அங்கேயே இருந்துட்டாலும் இருந்துடுவோம்."

அவள் கை நிற்கவில்லை. ஆனால் அட்டையைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு கிளிப்பை இரண்டு முறை தவறவிட்டாள். பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பில் கோபமாக இருக்கலாம். ஏழு கடலுக்கு அப்பால் இருப்பவள் மேல் எப்படிக் கோபமாக இருப்பது?

கார் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தாள். எதை வைக்கப் பற்ற வைத்தோம் என்று மறந்துபோய் அணைத்தாள். ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பட்டறைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள்.

வியாழக்கிழமை அதே கார், அதே இரண்டு பேரோடு வந்தது.

"அண்ணி, தெரு முனை தாண்டலை. கண்ணாடி நின்னுபோச்சு. மூணு நாளா அப்படியேதான்."

திறந்தாள். ஓடியது. வயர் இணைப்புகள் அத்தனையும் மறுபடி பார்த்தாள். ஓடியது. "போங்க" என்றாள். அவர்கள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு டயர் கடை வரை போனார்கள். அங்கே கண்ணாடி மறுபடி நின்றுபோக, பின்பக்கமாக ஊர்ந்து திரும்பி வந்தார்கள்.

டிங்கர்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். "என்ன கண்ணாடி, போன வண்டி வால் பக்கமாவே வருது? உன் கைமேல அவ்வளவு ஆசையா அதுக்கு?"

"உங்க வேலையைப் பாருங்கண்ணே. அந்தக் கதவை அடிச்சு அடிச்சு அப்பளமாக்கிட்டீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு முகம் எரிந்தது. ஒன்பது வருடம் கழித்துத் தங்கை முன்னால் நின்று செய்யும் ஒரு வேலை, அது கூடவா கைவிட வேண்டும்?

தங்கை கணவர் இறங்கி, பின் கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. அவர் அலுத்துப்போய்ச் சிரித்தார்.

"கதவைத் திறந்து உங்ககிட்ட காட்டினா ஒழுங்கா இருக்கு, அண்ணி. சாத்திக்கிட்டுக் கிளம்பினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குது."

கண்ணாடியக்கா அப்படியே நின்றாள்.

கதவைத் திறந்தால். சாத்தினால்.

இருபது வருடத்துக்கு மேலாக அவள் சோதித்த கதவு ஒவ்வொன்றும் திறந்த கதவு. தொழிற்சாலையில் தொங்கிய கதவுகளுக்கு மூடுவதற்கு ஓர் இடமே கிடையாது. அந்தப் பழக்கம் அவள் உடம்பில் ஊறியிருந்தது. கதவை விரியத் திறந்துவைத்துப் பார்ப்பாள், சரி என்பாள், அதற்குப் பிறகுதான் சாத்துவாள். சாத்திய கதவுக்குள் உட்கார்ந்து ஒரு தடவைகூட ஒரு கண்ணாடியை அவள் இறக்கிப் பார்த்ததில்லை. காருக்கும் கதவுக்கும் நடுவில், கீலின் பக்கத்தில், ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகின்றன. கதவு மூடும்போது அவை மடியும், திறக்கும்போது நிமிரும். ஆயிரம் தடவை மடிந்து மடிந்து...

அட்டையைக் கழற்றி எறிந்தாள். மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் விளக்கை எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். மோட்டாருக்கு வரும் வயரில் விளக்கின் ஊசியைக் குத்தினாள். இனி முன்னால் உட்கார்ந்து யாராவது பொத்தானை அழுத்த வேண்டும்.

"மாப்பிள்ளை!"

அவர் தெருவின் அந்தப் பக்கம் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். வீட்டில் சாமான் கட்ட வந்தவர்கள் ஏதோ உடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கையை ஆட்டி, "ஒரு நிமிஷம்" என்றார். அது ஒரு நிமிடத்தில் முடிகிற போனாகத் தெரியவில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. தங்கை உள்ளே வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

கதவுகள் சாத்தியதும் பட்டறைச் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது. கண்ணாடியக்காவுக்குத் தன் மூச்சு கேட்டது. சொல்லச் சொல்வதற்கு நடுவில் ஆள் இல்லை.

"அமுக்கு" என்றாள்.

ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை அது.

தங்கை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை.

"எரியுதா?"

"இல்ல. விடு. மறுபடி அமுக்கு."

"இப்ப?"

"இல்ல. விடாம அமுக்கிக்கிட்டே இரு."

கதவை ஒரு சாண் அளவு திறந்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. இழுத்துச் சாத்தினாள். அணைந்தது. திறந்தாள், எரிந்தது. சாத்தினாள், அணைந்தது.

"கிடைச்சிருச்சு" என்றாள் தனக்குத்தானே. "மடிப்புல வயர் அறுந்திருக்கு. மேல் உறை நல்லா இருக்கு. அதான் யாருக்கும் தெரியல."

இறங்கி வேலையைத் தொடங்கியிருக்கலாம். கை கதவுப் பிடியில்தான் இருந்தது. இறங்கவில்லை. தங்கையும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாளே தவிர, இறங்கவில்லை.

"ஏன்க்கா?" என்றாள் தங்கை, திரும்பாமல்.

"என்ன ஏன்?"

"வழியனுப்பக்கூட வரலியே நீ. நான் வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டுத்தான் ஏறினேன். அப்புறமும் வரல. நான் என்னக்கா பண்ணினேன்?"

நடிக்கிறாள் என்று நினைத்தாள் அக்கா. "பேசினது உனக்குத் தெரியாதா?"

"என்ன பேசினேன்?"

அந்த வாக்கியத்தை அவள் ஒன்பது வருடமாகச் சுமக்கிறாள். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. "உனக்கு ஆகலைன்னா எனக்கும் ஆகக் கூடாதா, பொறாமைக்கா உனக்கு. அப்படின்னு சொன்ன. வாசல்ல நின்னுக்கிட்டு."

தங்கை மெல்லத் திரும்பினாள். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. எதையோ தேடித் தேடிக் காணாத முகம் அது.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்ன."

"எனக்கு ஞாபகமே இல்லக்கா. சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். அந்த மாசம் பூரா நான் என்னென்னவோ கத்தினேன். நீயும் கத்தின. அதுல ஒண்ணை மட்டுமா எடுத்து வெச்சுக்கிட்ட? நான் அம்மாவோட கம்மலை எடுத்துக்கிட்டுப் போனேனே, அதுக்குத்தான் கோவம்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதை ஒருநாள்கூடக் காதுல போடல."

"கம்மலா? அதை உன் பெட்டியில வெச்சதே நான்தானே, பைத்தியம்!"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது வேறு ஏதோ ஒன்று. ஒன்பது வருடமாக ஒரு கதவின் முன் காவல் நின்றவளிடம், இந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? காயப்படுத்தியவளுக்கே ஞாபகமில்லாத காயம். யாரிடம் போய்க் காட்டுவது இனி? போன ஒன்பது வருடத்தை யாரிடம் திருப்பிக் கேட்பது?

"நீ ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"பயமா இருந்துச்சு. நீ ஒரு தடவை திட்டியிருக்கலாம்."

"டார்ச்சைப் பிடி" என்று சொல்லி அக்கா இறங்கினாள்.

ரப்பர் குழாயைக் கழற்றி வயர்களை வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தாள். நல்ல வயர் கம்பி போல விறைப்பாக நின்றது. உள்ளே செம்பு அறுந்த இரண்டு மட்டும் ஜவ்வு மாதிரி நீண்டன. வெட்டினாள். மடிப்புக்கு வெளியே ஒட்டு விழுகிற மாதிரி, கொஞ்சம் தாராளமாகவே புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். தங்கை டார்ச்சைப் பிடித்திருந்தாள். வெளிச்சம் ஆடியது.

"ஆட்டாதே."

"ஆட்டலக்கா. கை ஆடுது."

போனை முடித்துவிட்டு வந்த கணவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசிட்டீங்களா? அப்ப எனக்கு வேலை போச்சா?"

"அந்த டேப்பை எடுங்க மாப்பிள்ளை. வேலை போகல" என்றாள் அக்கா.

எல்லாம் முடிந்ததும் தங்கை பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியில் மறுபடியும் அக்காவுக்குத் தன் முகம்தான் தெரிந்தது. பிறகு அந்த முகம் மெதுவாகக் கீழே இறங்கியது. அதன் பின்னாலிருந்து அழுது சிவந்த இன்னொரு முகம் வந்தது. கண்ணாடி முழுசாக இறங்கி நின்றது.

"வீட்டுக்கு வாயேன்க்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கோமே."

"இருக்கற ஒரு நாற்காலியையும் கட்டியாச்சு" என்றார் கணவர்.

"நின்னுக்கிட்டே பேசுவோம். உங்களுக்கென்ன?" என்று அவரிடம் சீறிவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"நாளைக்கு ரெண்டு வண்டி இருக்கு" என்றாள் அக்கா. உடனே அப்படிச் சொன்னதற்காக நொந்துகொண்டாள். "சனிக்கிழமை வர்றேன்."

"நிஜமா?"

"வர்றேன்னு சொன்னேன்ல."

ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்கப்புறம் மூன்று வருடமோ, முப்பது வருடமோ. மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

"அங்கே போனதும் போன் பண்ணறேன்க்கா. உன் நம்பர் என்கிட்ட இருக்கு. பழைய நம்பர்தான். மாத்தலையே நீ?"

"மாத்தல" என்றாள்.

கார் நகர்ந்தது. கண்ணாடி திறந்தபடியே தெரு முனை வரை போய்த் திரும்பியது. டிங்கர்காரரின் சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் கீழே சிதறிக் கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கினாள்.

இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு முறை அவள் போன் தொலைந்துபோயிருக்கிறது. இரண்டு முறையும், புது எண் உடனே தருகிறோம் என்றார்கள். பழைய எண்தான் வேண்டும் என்று சொல்லி, கடையை மூடிவிட்டு, அரை நாள் வரிசையில் நின்று அதையே வாங்கி வந்தாள். எதற்காக என்று அன்றைக்குத் தன்னிடம்கூட அவள் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்குத் தங்கையிடமும் சொல்லவில்லை.